அண்ணனின் முன்பல் என்ன நிறம்?

ஜூன் 3

பல் லேபின் பொறுப்பாளர் அவர்களுக்கு,

எங்கள் கிளினிக்கிலிருந்து ஒரு பல் அச்சு இந்தப் பெட்டியில் வருகிறது. மேல் வரிசை, வலப்பக்க முன்பல். பாதிக்கு மேல் உடைந்துவிட்டதால் மிச்சத்தைச் செதுக்கித் தயார் செய்திருக்கிறேன். அதன் மேல் மாட்ட ஒரு பீங்கான் கேப் வேண்டும். நிறம் பார்க்க ஏழு படங்களை இன்று காலை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு படத்திலும் பல்லுக்குப் பக்கத்தில் நிற எண் போட்ட மாதிரிப் பல்லையும் பிடித்து எடுத்திருக்கிறேன். ஆனால் இந்த நோயாளியின் பல் எந்த மாதிரியோடும் சேரவில்லை. இருபத்திரண்டு வருடம் மைக் முன்னால் உட்கார்ந்து டீயாகக் குடித்த பல். இரண்டாம் எண் மாதிரிக்கும் மூன்றாம் எண்ணுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. படத்தைப் பார்த்துத்தான் நிறம் பிடிக்க வேண்டும்.

நோயாளி வேறு யாருமில்லை, உங்கள் அண்ணன்தான். ஒரு பல் டாக்டரின் புருஷன் ரிமோட்டின் பேட்டரி மூடியைப் பல்லால் கடித்துத் திறந்திருக்கிறார். நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன்.

வரும் 27-ஆம் தேதி காலை எட்டு மணிக்கு அவர் முதல்முறையாகத் தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிறார். ரேடியோவில் இத்தனை வருடம் குரலை மட்டும் கேட்ட ஊர் இப்போதுதான் முகத்தைப் பார்க்கப் போகிறது. 18-ஆம் தேதி ஒத்திகை. அவரால் முடியவில்லை என்றால் அந்த நாற்காலி வானிலை வாசிக்கிறவருக்குப் போய்விடும். தற்காலிகமாக ஒரு பிளாஸ்டிக் பல் வைத்திருக்கிறேன். கேமராவில் அது சட்டைப் பட்டன் மாதிரி தெரியும்.

எங்கள் வேலையை இப்போது செய்யும் பெரிய லேபுக்கே அனுப்பிவிடலாம் என்றேன். "என் பல்லை என் தங்கச்சி செய்யட்டும். இல்லேன்னா நான் ஓட்டைப் பல்லோடவே வாசிச்சுக்கறேன்" என்கிறார். போனில் பேசவும் தடை. "நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசினா பக்கத்து வீட்டுக்காரங்க என்னமோ ஏதோன்னு ஓடி வராங்க. எதுவா இருந்தாலும் எழுதி அந்தப் பெட்டிக்குள்ள போடுங்க" என்று உத்தரவு. அதனால்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
டாக்டர்

---

ஜூன் 8

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

ஒரு வருடம் கழித்து அண்ணியிடமிருந்து கடிதம் என்று ஆவலாகப் பிரித்தேன். "பொறுப்பாளர் அவர்களுக்கு" என்று ஆரம்பித்ததும், கரண்ட் ஆபீஸ் கடிதத்தை மாற்றிப் போட்டுவிட்டார்களோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம்.

கேப் தயார். ஐந்து அடுக்குப் பீங்கான், நான்கு முறை உலையில் வைத்து எடுத்தது. ஓரத்தில் கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய பகுதி இருக்கும், பார்த்து மாட்டுங்கள்.

போன வருடம் சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடியிருந்த இடத்தில் "அவளுக்கு நிறம் பாக்கற கண்ணே இல்ல" என்று சொன்னீர்களே, அதற்கு மறுநாளே நான் கண் டாக்டரிடம் போனேன். நிறப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்களை எல்லாம் கடகடவென்று படித்தேன். "உங்க கண்ணுக்கு என்ன குறை, எதுக்கு வந்தீங்க?" என்று அவர் கேட்டார். "எங்க அண்ணிக்காக வந்தேன்" என்றேன். அந்தச் சான்றிதழை உங்களுக்கே அனுப்பினேன். பதில் வரவில்லை. உங்களுக்கு நான் கடைசியாகக் கேப் செய்துகொடுத்த அந்த வக்கீல் அம்மாவின் பல் வெள்ளையாகப் போனதற்குக் காரணம் உங்கள் கேமரா. அதை நான் சொல்ல வாயெடுக்கும் முன்பே, எட்டு வருடமாக நான் செய்துவந்த வேலையைத் தூக்கிப் பெரிய லேபுக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

அது போகட்டும். அண்ணன் டிவியில்! நினைத்தாலே கையும் காலும் ஓடவில்லை. சின்ன வயதில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு பாத்திரங்களுக்குச் செய்தி வாசித்தவர். நான்தான் பாத்திரங்களை அடுக்கிக் கொடுப்பேன். இந்தப் பல் சேரவில்லை என்றால் இந்த லேபை இழுத்து மூடிவிடுகிறேன்.

இப்படிக்கு,
பொறுப்பாளர்

---

ஜூன் 10

பொறுப்பாளருக்கு,

மாட்டிப் பார்த்தேன். வடிவத்தில் ஒரு மயிரிழை குறை சொல்ல முடியாது. கடித்தால் கச்சிதமாக உட்காருகிறது. உன் கை வேலை அப்படியேதான் இருக்கிறது, அதைச் சொல்லாமல் இருக்க மாட்டேன்.

நிறம்தான் ட்யூப் லைட். வாயைத் திறந்தால் அந்த ஒரு பல் முதலில் வந்து நிற்கிறது, மற்றவையெல்லாம் அதன் பின்னால் வருகின்றன. உன் அண்ணன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பரவாயில்ல விடு. கரண்ட் போனா வழி தெரியும்" என்றார். எனக்கு அழுகை வர வேண்டிய நேரத்தில் சிரிப்பு வந்து தொலைத்தது.

வக்கீல் அம்மாவுக்கு வந்ததும் இதே வெள்ளைதான். என் கேமராவைக் குறை சொல்கிறாய். அதே கேமராவின் படங்களைப் பார்த்துத்தான் அதற்கு முன் எட்டு வருடம் நீ ஒரு பல் தப்பாமல் செய்தாய். அதைக் கொஞ்சம் யோசி. ஒத்திகைக்கு எட்டு நாள்தான் இருக்கிறது. கேப்பைத் திருப்பி அனுப்புகிறேன்.

டாக்டர்

---

ஜூன் 11

டாக்டர்,

கிடைத்தது. படங்களைத் திரும்ப எடுத்து அனுப்புங்கள். லேபை இழுத்து மூடுவதாகச் சொன்னது நாளையிலிருந்து அல்ல. இங்கே ஒரு சின்ன வேலை நடக்கிறது, அது என்ன என்று உங்களுக்குத் தேவையில்லை. புதுப் படம் வந்ததும் ஆரம்பிக்கிறேன்.

பொறுப்பாளர்

---

ஜூன் 12

ஆறு படங்கள் இன்று காலை போய்விட்டன. மின்னஞ்சலே போதும், ஆனாலும் பெட்டிக்குள் ஒரு வரி எழுதாமல் அனுப்பினால் உன் அண்ணன் விட மாட்டேன் என்கிறார். இந்த முறை கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு படங்களைத் தயார் செய்திருக்கிறேன். நீ படத்தில் பார்ப்பதை அப்படியே செய். வேறு எதுவும் யோசிக்காதே. கண்டிப்பாகச் சேரும்.

டாக்டர்

---

ஜூன் 16

டாக்டர் அவர்களே,

இதோ வந்துவிட்டது! பெட்டியை மெல்லத் திறங்கள். இந்தப் பல்லைப் பார்த்தால் டீ வேண்டுமா என்று கேட்கத் தோன்றும், அவ்வளவு அச்சு அசலாக அண்ணன் பல். என் ஸ்கிரீனில் படத்தை வைத்து, பக்கத்தில் கேப்பைப் பிடித்து, ஒவ்வொரு அடுக்காகப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். இப்போது என் ஸ்கிரீன் மேல் எனக்கு அப்படி ஒரு நம்பிக்கை. ஏன் என்று இப்போது சொல்ல மாட்டேன்.

ஒத்திகையில் அண்ணனை நன்றாகச் சிரிக்கச் சொல்லுங்கள். வானிலைக்காரர் குடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

பொறுப்பாளர்

---

ஜூன் 18

மஞ்சள்!

நல்ல மஞ்சள். டீ மட்டுமல்ல, டீத்தூளையே மென்ற மாதிரி மஞ்சள். நேற்று மாலை மாட்டிப் பார்த்துவிட்டு நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். போன தடவை வெள்ளை, இந்தத் தடவை மஞ்சள், என்னதான் நடக்கிறது அங்கே?

இன்று காலை பிளாஸ்டிக் பல்லோடுதான் ஒத்திகைக்குப் போனார். நானும் போனேன். "செய்திகள்" என்று ஆரம்பித்தார். பல் லேசாக ஆடியதால் முதல் எழுத்திலேயே விசில் வந்தது. விளக்கு வெளிச்சத்தில் அந்தப் பல் தனியாக மினுங்கியது. இயக்குநர் நல்ல மனிதர், நேரே என்னிடம் வந்தார். "குரல் தங்கம்தாம்மா. ஆனா பாக்கறவங்க செய்தியைக் கேக்க மாட்டாங்க, அந்தப் பல்லைத்தான் பாப்பாங்க. இருபத்தாறாம் தேதிக்குள்ள சரி பண்ணிடுங்க. இல்லேன்னா நான் வானிலைக்காரரைத்தான் உக்கார வைக்கணும்" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் உன் அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவர் வாயை மூடிக்கொண்டு வந்தது இன்றுதான். பயந்துவிட்டேன். இனிமேலாவது பெரிய லேபுக்குப் போகலாம் என்று கெஞ்சினேன். தலையை மட்டும் ஆட்டினார், மாட்டேன் என்று. உனக்கு ஒரே ஒரு தடவைதான் மிச்சம் இருக்கிறது. எனக்கும்தான்.

---

ஜூன் 19

அண்ணி,

டாக்டர், பொறுப்பாளர், கத்தரிக்காய் எல்லாம் போதும். அண்ணி என்றே எழுதுகிறேன். நீங்கள் உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். நான் நின்றுகொண்டு எழுதுகிறேன், உட்கார முடியவில்லை. கண்டுபிடித்துவிட்டேன் அண்ணி, கண்டுபிடித்துவிட்டேன்!

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். முதல் கேப் வெள்ளையாக வந்தது என் தப்புதான். என் கண்ணின் தப்பல்ல, என் ஸ்கிரீனின் தப்பு. ட்யூப் லைட் என்று எழுதியிருந்தீர்களே, அந்தக் கடிதம் வந்ததும் கோபத்தோடு மாடிக்குப் போனேன். மாடியில் போட்டோ ஆல்பம் செய்கிற ஒருவர் இருக்கிறார். "இந்தப் பல் என்ன நிறம்னு கீழ வந்து நீங்களே சொல்லுங்க" என்று இழுத்து வந்தேன். அவர் பல்லைப் பார்க்கவே இல்லை. மானிட்டரைப் பார்த்தார். "என்னங்க இது, நீச்சல் குளத்துக்குள்ள உக்காந்து வேலை பாக்கறீங்க?" என்றார்.

கடையில் வரிசையாக வைத்திருக்கும்போது கண்ணைப் பறிக்க வேண்டும் என்று மானிட்டரை முழு வெளிச்சத்தில், நீலத்தைத் தூக்கி வைத்திருப்பார்களாம். நான் அதை அப்படியே கொண்டுவந்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பழைய மானிட்டர் கெட்டுப்போய் இதை வாங்கினது எப்போது தெரியுமா? போன வருடம், வக்கீல் அம்மாவின் பல் வந்த அதே மாதம்! எட்டு வருடம் தப்பாமல் செய்தவள் திடீரென்று ஏன் தப்பினேன் என்று யோசிக்கச் சொன்னீர்களே, இதுதான். நீல ஸ்கிரீனில் மஞ்சள் பல்லும் வெள்ளையாகத் தெரியும். பார்த்ததை அப்படியே செய்தேன், வெள்ளையாக வந்தது.

ஆல்பக்காரர் தன்னிடமிருந்த ஒரு கருவியைக் கொண்டுவந்தார். உள்ளங்கை அளவு, கறுப்பு, அடியில் ஒரு கண். ஸ்கிரீனை அரை மணி நேரம் ஓடவிட்டோம். திரைச்சீலையை இழுத்தோம். கருவியை ஸ்கிரீன் மேல் தொங்கவிட்டோம், விழாமல் இருக்க ஒயரில் ஒரு எடை மானிட்டருக்குப் பின்பக்கம் தொங்கும். முதல் வேலை, வெளிச்சத்தையும் வெள்ளையையும் ஒரு சரியான அளவுக்குக் கொண்டுவருவது. அதுதான் கேலிப்ரேஷன். பிறகு கருவிக்கு அடியில் ஸ்கிரீன் ஒவ்வொரு நிறமாகக் காட்டுகிறது, சிவப்பு, பச்சை, நீலம், இருட்டிலிருந்து வெளிச்சம் வரை சாம்பல். கருவி ஒவ்வொன்றையும் அளந்து, இந்த ஸ்கிரீன் எந்த நிறத்தில் எவ்வளவு பிசகுகிறது என்று ஒரு கோப்பில் குறித்துக்கொள்கிறது. அந்தக் கோப்புக்குப் பெயர் ப்ரொஃபைல். இனிமேல் படம் திறக்கும்போதெல்லாம் கம்ப்யூட்டர் அதைப் பார்த்து, பிசகைச் சரிக்கட்டிக் காட்டும். பிசகாத ஸ்கிரீன் உலகத்தில் கிடையாதாம் அண்ணி. எவ்வளவு பிசகுகிறது என்று தெரிந்தால் போதுமாம்.

கடைசியில் ஒரு பட்டன் வரும். அழுத்தினால் பழைய நிறம், விட்டால் புது நிறம். ஒரு தடவை அழுத்தினேன். ஐயோ அண்ணி! ஒரு வருடமாக நான் பார்த்த ஈறெல்லாம் ஊதா, பல்லெல்லாம் சுண்ணாம்பு! முப்பது தடவையாவது அழுத்தி அழுத்திப் பார்த்திருப்பேன். "பட்டன் தேஞ்சுடும்மா" என்றார் ஆல்பக்காரர்.

இதை ஏன் அன்றே எழுதவில்லை? எழுதினால் போன வருடம் நீங்கள் சொன்னது சரிதான் என்று ஒத்துக்கொண்டதாக ஆகிவிடுமே. அந்த வீம்புதான். சொல்லாமல் கொள்ளாமல் சரியான பல்லைச் செய்து அனுப்பி உங்களை வாயடைக்க வைக்கலாம் என்று இருந்தேன். மஞ்சள் என்று எழுதினீர்கள், தலையில் கல் விழுந்த மாதிரி இருந்தது.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். இன்று காலை என் மேசையிலிருந்த இரண்டாம் எண் மாதிரிப் பல்லைக் கையில் எடுத்து ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் பிடித்தேன். உங்களிடம் இருப்பதும் என்னிடம் இருப்பதும் ஒரே கம்பெனி மாதிரி. ஜூன் 3 படங்களில் கையிலிருப்பதும் ஸ்கிரீனில் தெரிவதும் ஒன்று. ஜூன் 12 படங்களில் மாதிரிப் பல்லே மஞ்சள்! அண்ணனாவது டீ குடிக்கிறார். மாதிரிப் பல் ஒன்பது நாளில் டீ குடிக்கப் பழகியிருக்காது அண்ணி. படத்தில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். உண்மையைச் சொல்லுங்கள், யார் அது?

முதல் படங்களை வைத்தே செய்துவிடலாமா என்று பார்த்தேன். அதிலும் ஒரு சிக்கல். முதல் படத்தில் பல் ஒரு நிறம், ஏழாவதில் வெளுப்பு. நீங்கள் ஏழு படம் எடுத்து முடிக்கிற வரைக்கும் வாயைத் திறந்தே வைத்திருந்தால் பல் காய்ந்து வெளுக்காமல் என்ன செய்யும்? உங்களுக்குத் தெரியாததா!

ஆல்பக்காரரின் கருவி இந்தப் பெட்டியில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்ப வேண்டும், அவர் அதைத் தன் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறார். கிளினிக் ஸ்கிரீனையும் இதே மாதிரி அளந்துவிடுங்கள். பிறகு, படத்தின் நிறம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் காட்டிக்கொடுக்கும் சாம்பல் அட்டை ஒன்றைப் பல்லுக்குப் பக்கத்தில் வைத்து, பல் ஈரமாக இருக்கும்போதே, ஒரே நிமிடத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். நான் கேப்பைச் செய்து படமெடுத்து அனுப்புவேன். அதை உங்கள் ஸ்கிரீனில் அண்ணன் பல்லோடு வைத்துப் பார்த்து நீங்கள் சரி சொன்னால்தான் பெட்டி இங்கிருந்து கிளம்பும். நீங்கள் பார்ப்பதும் நான் பார்ப்பதும் முதல்முறையாக ஒன்றாக இருக்கப் போகிறது.

அண்ணனைப் பேசச் சொல்லுங்கள். அவர் பேசாமல் வந்தார் என்று படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வாலு

---

ஜூன் 21

வாலு,

உன் அண்ணன் மட்டும் கூப்பிடும் பெயர். இன்றைக்கு நானும் கூப்பிடுகிறேன்.

அகப்பட்டுக்கொண்டேன். படத்தில் கை வைத்தது நான்தான். முதல் கேப் வெள்ளையாக வந்ததும், உன் ஸ்கிரீன்தான் எதையோ வெளுப்பாகக் காட்டுகிறது என்று எனக்குத் தோன்றியது. நேராகச் சொன்னால் நீ எகிறிக் குதிப்பாய், இன்னொரு சான்றிதழ் வரும். அதனால் படத்தைத் திறந்து மஞ்சள் பக்கம் பன்னிரண்டு புள்ளி நகர்த்தி அனுப்பினேன். அங்கே வெளுத்தாலும் சரியாகப் போய்ச் சேரட்டும் என்று. நீ எனக்குத் தெரியாமல் ஸ்கிரீனுக்கு மருந்து கொடுத்த அதே சமயத்தில், நான் உனக்குத் தெரியாமல் படத்துக்கு மருந்து கொடுத்திருக்கிறேன். ஒரே நோய்க்கு இரண்டு வைத்தியம். மஞ்சளாகாமல் என்ன செய்யும்!

ஏன் அப்படிச் செய்தேன் என்றால், நீ ஜெயிக்க வேண்டும் என்று. உன் அண்ணனுக்காக மட்டுமல்ல. பெரிய லேபிலிருந்து வரும் கேப்பெல்லாம் ஒரே அச்சு. யார் வாயில் வைத்தாலும் வேறு யாருடைய பல்லோ மாதிரிதான் இருக்கிறது. ஒரு வருடமாக ஒவ்வொரு பெட்டியைத் திறக்கும்போதும் உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். சான்றிதழ் அன்றே கிடைத்துவிட்டது, என் மேசையின் மேல் இழுப்பறையில் இருக்கிறது. பேனா எடுக்கத் திறந்தால் அது கண்ணில் படும், பேனாவை எடுக்காமலே மூடிவிடுவேன். உனக்குக் கண் இல்லை என்று சொன்னது தப்பு. அத்தனை பேருக்கு முன்னால் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. என்னை மன்னித்துவிடு.

இப்போது கேள், நேற்று நடந்த கூத்தை! கருவியைத் தொங்கவிட்டேன். உன் அண்ணன் பின்னால் வந்து நின்றார். ஸ்கிரீனில் முதல் நிறம் வந்ததும் ஆரம்பித்துவிட்டார், ரேடியோ வர்ணனை. "நேயர்களே, இதோ சிவப்பு களத்தில் இறங்குகிறது! கொஞ்சம் அதிகமாகவே இறங்கிவிட்டது! அடுத்து பச்சை, அமைதியான ஆட்டம்! சாம்பல் வருகிறது, சாம்பல் போகிறது, டாக்டரம்மா நகம் கடிக்கிறார்!" காத்திருந்த நோயாளிகள் மூன்று பேரும் வலியை மறந்து உள்ளே வந்து கைதட்டினார்கள். பேச ஆரம்பித்துவிட்டார், நீ சாப்பிடு.

முடிந்ததும் அந்தப் பட்டனை நானும் அழுத்தினேன். என் ஸ்கிரீன் சிவப்புக்குச் சாய்ந்திருக்கிறது! எத்தனை பேரைப் படத்தைக் காட்டி, "ஈறு எப்படிச் சிவந்திருக்கு பாருங்க, ஒழுங்கா பல் தேய்க்கறதில்லையா?" என்று திட்டியிருப்பேன். பாவம், பாதிப் பேர் தேய்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். நானும் எண்ணவில்லை, ஆனால் முப்பதுக்குக் குறையாமல் அழுத்தியிருப்பேன்.

இன்று காலை படம் எடுத்தேன். சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அந்தச் சிவப்பு உதட்டிலும் பல்லிலும் அடித்தது, அதனால் சட்டைக்கு மேல் சாம்பல் துண்டைப் போர்த்தினேன். பல் காயவே இல்லை, படத்துக்குப் படம் பேசிக்கொண்டே இருந்தார். நான்கு படம், ஒரே நிமிடம். மாதிரிப் பல்லைக் கையில் பிடித்து என் ஸ்கிரீனில் சரிபார்த்துவிட்டேன், டீ குடிக்கவில்லை. இந்த முறை ஒரு புள்ளிகூட நகர்த்தவில்லை. சத்தியம்.

கருவியைப் பஞ்சில் சுற்றி அனுப்புகிறேன். ஆல்பக்காரருக்கு என் நன்றியைச் சொல். அவருக்குப் பல்லில் எந்தக் குறை இருந்தாலும் என்னிடம் வரட்டும்.

அண்ணி

---

ஜூன் 24

அண்ணி,

படத்தைப் பார்த்து நீங்கள் "சரி" என்று அனுப்பிய ஒரு வார்த்தையை நான் லேபில் சத்தமாகப் படித்தேன். அடுத்த நிமிடமே இன்னொரு செய்தி, "கழுத்துப் பக்கம் ஒரு துளி டீ சேர்க்கலாமா?" சேர்த்தேன். இன்னொரு முறை உலை. மறுபடியும் படம். "இப்ப சரி, தொடாதே" என்றீர்கள். தொடவில்லை.

எட்டு வருடத்தில் நாம் இரண்டு பேரும் ஒரே பல்லை ஒரே நேரத்தில் பார்த்தது இதுதான் முதல் தடவை. வக்கீல் அம்மாவின் பல்லிலிருந்து நீங்கள் ஒன்றைப் பார்த்துச் சொல்ல, நான் வேறொன்றைப் பார்த்துச் செய்துகொண்டு இருந்திருக்கிறோம்.

பெட்டி கிளம்புகிறது. பெட்டியைக் கொண்டுபோகிறவர், "உள்ள என்னங்க?" என்று கேட்டார். "எங்க அண்ணன்" என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மன்னிப்பெல்லாம் எதற்கு அண்ணி? ஆனாலும் அந்த வரியை நான்கு தடவை படித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வாலு

---

ஜூன் 27

என் வாலு,

காலை ஒன்பதரை. இன்னும் ஸ்டுடியோவில்தான் இருக்கிறேன். அங்கிருந்த காகிதத்தை எடுத்து எழுதுகிறேன், மன்னித்துக்கொள், பின்பக்கம் மழை நிலவரம் இருக்கிறது.

முந்தாநாள் பெட்டி வந்ததும் மாட்டினேன். ஜன்னல் பக்கம் திருப்பினேன், விளக்குப் பக்கம் திருப்பினேன், வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய் வெயிலில் நிறுத்தினேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எங்கே திருப்பினாலும் பல் அதன் இடத்தில் பேசாமல் நின்றது. ஒட்டிவிட்டு, "சிரிங்க" என்றேன். சிரித்தார். நான் அழுதேன். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, என்ன செய்ய.

இன்று கட்டுப்பாட்டு அறையில் நிற்க விட்டார்கள். அங்கே ஐந்து ஸ்கிரீன், ஐந்திலும் உன் அண்ணன், ஐந்து நிறத்தில்! வாய் சும்மா இருக்கிறதா, "நீங்கல்லாம் கேலிப்ரேட் பண்றதில்லையா?" என்று கேட்டுவிட்டேன். அங்கிருந்த பொறியாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஒளிபரப்புக்கு நாங்க பாக்கறது அந்தக் கடைசி ஸ்கிரீனைத்தாம்மா. அது மட்டும் அளந்து வெச்சது" என்றார். அதற்குப் பிறகு நான் அதைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

"செய்திகள்" என்றார். விசில் இல்லை. முதல் ஐந்து நிமிடம் விறைப்பாகத்தான் இருந்தார், உதட்டைத் திறக்கவே யோசித்தார். கடைசிச் செய்தி, ஒரு பூனை அலுவலக லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு ஆறு மணி நேரம் மேலும் கீழும் போய்வந்தது. படித்துக்கொண்டே வந்தவர், "ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தது, பூனை இறங்கவில்லை" என்ற இடத்தில் சிரித்துவிட்டார். வாய் கொள்ளாத சிரிப்பு, முப்பத்திரண்டு பல்லும் தெரிய! எனக்கு உயிர் போய் வந்தது. இயக்குநர் "குளோசப், குளோசப்!" என்று கத்தினார். வைத்தார்கள்.

முடிந்ததும் இயக்குநர் உன் அண்ணனின் தாடையைப் பிடித்துத் திருப்பி, "எதுங்க மாத்தின பல்லு?" என்று கேட்டார். அவரே தேடி, இடப்பக்கப் பல்லைக் காட்டினார். நாங்கள் இரண்டு பேரும் திருத்தவில்லை. நாளையிலிருந்து தினமும் எட்டு மணிச் செய்தி உன் அண்ணன்தான். வானிலைக்காரர்தான் முதலில் கைகொடுத்தார்.

மதியம் கிளினிக் போனதும் இந்தக் கடிதத்தைப் பெட்டியில் வைத்து அனுப்புவேன். கூடவே ஒரு பல் அச்சும் வரும். யாருடையது என்று நினைக்கிறாய்? வக்கீல் அம்மா! நானே போய், "உங்க பல்லைத் திரும்பச் செஞ்சு தரேன், தப்பு ஸ்கிரீன் மேல" என்றேன். "சாட்சி இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அந்த வேலையும் இனி வரும் எல்லா வேலையும் உனக்குத்தான். உன் அண்ணன் போன் தடையை நீக்கிவிட்டார், ஆனாலும் பெட்டிக்குள் எழுதுவதை விடாதே.

அண்ணி

---

ஜூன் 29

அண்ணி,

வக்கீல் அம்மாவின் அச்சு வந்தது. அவருடைய படங்களைத் திறந்ததும் முதல் வேலையாக மாதிரிப் பல்லைக் கையில் எடுத்து ஸ்கிரீனோடு சேர்த்துப் பார்த்தேன். உங்கள் மேல் சந்தேகம் இல்லை, இனி எப்போதும் இப்படித்தான். ஆல்பக்காரர் மாதம் ஒருமுறை கருவியை இறக்கி வந்து என் ஸ்கிரீனை அளந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஸ்கிரீனும் நாளாக நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகுமாம். அவருக்குக் கடைவாய்ப் பல்லில் ஒரு குழி இருக்கிறது, அடுத்த வாரம் உங்களிடம் வருகிறார்.

27-ஆம் தேதி காலையில் மானிட்டரை ஏழரைக்கே போட்டு அரை மணி நேரம் ஓடவிட்டேன். திரைச்சீலையை இழுத்துவிட்டேன். லேபில் இருந்த எல்லாரும் பின்னால் நின்றோம். அண்ணன் வந்தார். எனக்குச் செய்தி ஒன்றுகூடக் காதில் விழவில்லை. பூனை வந்தது, அண்ணன் சிரித்தார். எல்லாரும் கத்தினார்கள், நானும் கத்தினேன்.

எல்லாரும் போன பிறகு அந்தச் சிரிப்பில் நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்தேன். என் பல்லை எனக்குத் தெரியாதா? நானே அடுக்கடுக்காக வைத்து, ஐந்து முறை உலையில் போட்டு எடுத்தது. பார்த்தேன், பார்த்தேன், தெரியவில்லை அண்ணி! இதுவா, அதுவா, பக்கத்திலிருப்பதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன், எல்லாம் அண்ணன் பல். கடைசியில் எழுந்து போய் உங்கள் முதல் கடிதத்தை எடுத்துப் படித்தேன். "மேல் வரிசை, வலப்பக்க முன்பல்" என்று எழுதியிருந்தது. திரும்பி வந்து அந்தப் பல்லைப் பார்த்தேன். அப்போதும் நம்ப முடியவில்லை.

உங்கள்
வாலு